கழுவிக் கொடுத்த கம்ப்யூட்டர்

குறிச்சிமங்கலம் கடைத்தெருவில் இருக்கும் தில்லை பாத்திர வாடகை நிலையத்தைப் பற்றி யாராவது உங்களிடம் கேலி பேசினால் நம்பாதீர்கள். எதிர்க்கடையில் அச்சகம் வைத்திருப்பவன் நான். நடந்ததையெல்லாம் கண்ணால் பார்த்தவன். கேலி பேசுகிறவர்கள் பாதியைத்தான் சொல்லுகிறார்கள்.

கடை முதலாளி தில்லைநாயகம். கல்லாவில் உட்காருவது அவர் மனைவி மரகதம். குடோனுக்குக் கோதண்டம், லாரிக்குச் சிங்காரவேலு. நான்கு பேரும் நல்லவர்கள். யாரையும் ஏமாற்றத் தெரியாது. நான்கு பேரும் சேர்ந்து உட்கார்ந்து யோசிக்காதவரை ஊருக்கு அவர்களால் ஒரு கெடுதலும் இல்லை.

தில்லைநாயகத்துக்கு ஒரே பெண், வான்மதி. திருச்சியில் கல்லூரி ஆசிரியை. அவளும் அருள்மொழி என்ற பையனும் ஒருவரையொருவர் பிடித்துப்போய், பெரியவர்களும் சம்மதித்து, நிச்சயம் பண்ணுகிற நேரத்தில்தான் பையனின் அப்பா வைத்தியலிங்கம் தொண்டையைச் செருமினார். அவர் ஓய்வு பெற்ற அதிகாரி. எதையும் விசாரிக்காமல் சாப்பிடக்கூட மாட்டார்.

"உங்க சரக்கு யார்கிட்ட போகுது, எப்ப திரும்புதுன்னு எதுல வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"மனசுல" என்றார் தில்லைநாயகம்.

"இந்தக் காலத்துல பெட்டிக்கடைக்காரன்கூட கிளவுட்ல வெச்சிருக்கான். கல்யாணத்துக்குள்ள நீங்களும் ஏத்திடுங்க. இல்லேன்னா எங்க ஜனங்க முன்னாடி நான் என்னன்னு சொல்லுவேன்? கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்."

அந்த 'யோசிக்க வேண்டியிருக்கும்' தில்லைநாயகத்தை ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை. பெண் ஆசைப்பட்ட பையன். அவள் முகம் வாடினால் இவருக்குச் சோறு இறங்காது. மறுநாளே ஆள் வரவழைத்துவிட்டார்.

வந்தவள் பெனிட்டா. கம்ப்யூட்டர் கம்பெனியில் வியாபாரிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை. பொறுமைசாலி. அதாவது, வரும்போது பொறுமைசாலி.

கிளவுட் என்றால் மேகம் என்று அவள் சொன்னதும் நால்வரும் வாசலுக்கு ஓடி வானத்தைப் பார்த்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவ்வளவு முட்டாள்கள் இல்லை. "பேருதானே, இருந்துட்டுப் போகட்டும்" என்றார் தில்லைநாயகம். நான்கூட அசந்துபோனேன்.

"ரொம்ப சுலபம் சார். பெரிய கம்ப்யூட்டரை நீங்க காசு போட்டு வாங்க வேண்டாம். அது எங்க இடத்துல இருக்கும். வேணுங்கறப்போ எடுத்துக்கலாம். வேண்டாங்கறப்போ விட்டுடலாம். எவ்வளவு பயன்படுத்துறீங்களோ அதுக்குத்தான் வாடகை" என்றாள் பெனிட்டா.

வாடகை என்ற சொல்லைக் கேட்டதும் நான்கு முகமும் மலர்ந்தன. இத்தனை வருஷம் அவர்கள் வாடகைக்குக் கொடுத்தே பழகியவர்கள். வாடகைக்கு எடுக்கிறது இதுதான் முதல் தடவை.

"எடுக்கறதுக்கு முன்னாடி தட்டிப் பார்க்கணும்" என்றான் கோதண்டம்.

"எதை?"

"சரக்கை. தட்டினா நாதம் சொல்லிடும். விரிசல் இருந்தா 'டொக்'ங்கும். நல்லதா இருந்தா மணி மாதிரி கேக்கும். தட்டாம நாங்க ஒரு கரண்டிகூட எடுக்கறதில்ல."

"அது மும்பையில இருக்குங்க."

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோதண்டம் மெதுவாக, "மும்பை போயித் தட்டிட்டு வந்துடட்டுமா முதலாளி?" என்று கேட்டான்.

அதற்கு நேரமில்லை என்று முடிவாகி, பெனிட்டா கொண்டுவந்த லேப்டாப்பையே ஒரு தட்டுத் தட்டிக் காதை வைத்துக் கேட்டான். "அடைச்ச மாதிரி இருக்கு. பித்தளை இல்ல. ஆனா ஓட்டையும் இல்ல" என்று சான்றிதழ் கொடுத்தான். பெனிட்டா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

அன்று முழுக்கச் சொல்லிக்கொடுத்தாள். ஆர்டர் வந்தால் எங்கே பதிவது, எந்தத் தேதியில் எந்த அண்டா காலியாக இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது, தப்பாகப் பதிந்ததை எப்படி அழிப்பது. மரகதம் கூர்ந்து கேட்டாள். சந்தேகம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"சாயங்காலம் வேலை முடிஞ்சப்புறம் எப்படிம்மா திருப்பிக் குடுக்கணும்?"

"திருப்பிக் குடுக்கறதெல்லாம் ஒன்னுமில்லக்கா. அப்படியே விட்டுட்டுப் போயிடலாம்."

"அப்படியேவா?"

"அப்படியேதான்."

வயசுப் பெண், தொழிலுக்குப் புதுசு, சொல்லி என்ன ஆகப் போகிறது என்று மரகதம் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் முதல் சிக்கல் வந்தது. பெனிட்டா விட்டுவிட்டுப் போன லேப்டாப்பில் கிளவுடுக்குள் நுழைய ஒரு ஓடிபி வேண்டும். அது தில்லைநாயகத்தின் போனுக்கு வரும். வந்தது. கூடவே, இதை யாருக்கும் சொல்லாதீர்கள் என்றும் வந்தது.

"என்ன நம்பருங்க வந்திருக்கு?" என்றாள் மரகதம்.

தில்லைநாயகம் போனை மார்போடு அணைத்துக்கொண்டார். "யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு போட்டிருக்கு."

"நான் யாரோவா?"

"அப்படிச் சொல்லல. உன் பேரைப் போட்டு, இவங்களுக்கு மட்டும் சொல்லலாம்னு போட்டிருந்தா சொல்லிடுவேன்."

இதைப் பற்றி வெகுநேரம் ஆலோசனை நடந்தது. அதற்குள் அந்த எண் காலாவதியாகி வேறு எண் வந்தது. கடைசியில், முதலாளியே வந்து எண்ணை அடிப்பது, அடிக்கும்போது மற்ற மூவரும் கண்ணை மூடிக்கொள்வது என்று தீர்மானமாயிற்று. மூடினார்கள். ஒரு ஒழுங்குக்காகத் தில்லைநாயகமும் மூடிக்கொண்டார். அதனால் எண் தப்பாக விழுந்தது. மதியத்துக்கு மேல்தான் அவர் ஒற்றைக் கண்ணைத் திறந்துகொள்ள மற்றவர்கள் அனுமதித்தார்கள்.

அன்றைக்கு வந்த ஆர்டரையெல்லாம் மரகதம் அழகாகப் பதிந்தாள். வான்மதி கல்யாணத்துக்கு வேண்டிய அண்டா, தேக்சா, தாம்பாளம், ஜமக்காளம் எல்லாவற்றையும் முதலில் ஏற்றினாள். கடை சாத்துகிற நேரம் வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"அந்தப் பொண்ணு அப்படியே விட்டுட்டுப் போகச் சொல்லிச்சு" என்றாள் மரகதம்.

"சொல்லும். நாளைக்குக் கம்பெனிக்காரன் திறந்து பார்த்தா, குறிச்சிமங்கலத்துக்காரங்க எச்சிலோட போட்டுட்டுப் போயிட்டாங்கன்னுதானே சொல்லுவான்?" என்றார் தில்லைநாயகம்.

இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். பாத்திர வாடகைக்காரர்களுக்கு உலகத்தில் இரண்டே ஜாதி. கழுவிக் கொடுப்பவர்கள், கழுவாமல் கொடுப்பவர்கள். அடிப்பிடித்த சாம்பாரோடு அண்டாவைத் திருப்பி அனுப்பிய வீட்டைத் தில்லைநாயகம் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். அந்த வீட்டுக் குழந்தைக்குப் பிறந்தநாள் என்றால்கூட ஒரு கரண்டி தரமாட்டார்.

"கழுவிடலாம். ஆனா எப்படி?" என்றான் சிங்காரவேலு.

"தப்பா போட்டதை அழிக்கறதுக்கு ஒரு குப்பைத்தொட்டி படம் காட்டிச்சே, அதுலதான்" என்றாள் மரகதம்.

அன்று பதிந்த ஒவ்வொரு வரியாகத் தேய்த்து எடுத்தார்கள். ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு ஜல்லிக்கரண்டியைக் கோதண்டம்தான் கண்டுபிடித்துச் சொன்னான். எல்லாம் வெள்ளை வெளேர் என்று ஆனதும் தில்லைநாயகம் தள்ளி நின்று பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். இப்படியே தினமும் பதிந்தார்கள், தினமும் கழுவினார்கள். மும்பையில் தங்களைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொள்வார்கள் என்று சிங்காரவேலு என்னிடம் சொன்னான். நான், "பேசாம இருப்பாங்களா?" என்றேன்.

முறுக்குக் கடை சந்தானத்தின் பேரனுக்குக் காதுகுத்து வந்த அன்றுதான் விஷயம் வெடித்தது. சந்தானம் தலைதெறிக்கக் கடைக்குள் ஓடி வந்தார்.

"அண்டா எங்கய்யா? பருப்பு வேகுது, அரிசி களைஞ்சாச்சு, அண்டா வரல! சொந்தக்காரங்க எல்லாம் வந்து உக்காந்திருக்காங்க!"

தில்லைநாயகம் பதறவில்லை. ஒற்றைக் கண்ணால் எண்ணை அடித்து, திரையைத் திறந்து, சந்தானத்தின் பக்கம் திருப்பிக் காட்டினார். "பாருங்க. ஒரு பொட்டுகூட இல்ல. இவ்வளவு சுத்தத்தை எங்கயாவது பார்த்திருக்கீங்களா?"

சந்தானம் பார்த்தார். பிறகு அவர் பேசியதை நான் அச்சில் போட முடியாது.

அவர் போன பிறகுதான் மரகதத்துக்கு உறைத்தது. முகூர்த்த நாள் ஆர்டர் ஒன்றும் இல்லை. வான்மதி கல்யாண ஆர்டரும் இல்லை. பாத்திர வாடகைக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் பாத்திரம் இல்லை என்றால் வைத்தியலிங்கம் யோசிக்காமல் என்ன செய்வார்? மரகதம் அழுதே விட்டாள். தில்லைநாயகம் பெனிட்டாவுக்குப் போன் போட்டார்.

பெனிட்டா வந்து பார்த்தாள். வெள்ளைத் திரை. "யாராவது அழிச்சீங்களா?" என்றாள்.

"அழிக்கறதா? சேச்சே. கழுவினோம்" என்றான் கோதண்டம்.

"தினமுமா?"

"பின்னே? வாரத்துக்கு ஒருக்கான்னா நாறிடாதா?"

பெனிட்டா அந்தக் குப்பைத்தொட்டியைத் திறந்தாள். அழித்தது எல்லாம் அதற்குள் பத்திரமாகக் கிடந்தது. ஒரே தட்டுத் தட்டி எல்லாவற்றையும் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டாள். ஜல்லிக்கரண்டி உட்பட.

சந்தோஷப்படுவார்கள் என்றுதான் அவள் நினைத்திருப்பாள். நால்வர் முகமும் சுருங்கிப்போயிற்று.

"கழுவி ஊத்தின தண்ணிய எடுத்து மறுபடியும் அண்டாவுல ஊத்துறியேம்மா" என்றாள் மரகதம்.

அவர்களைச் சமாதானப்படுத்துவதற்குள் சாயங்காலமாகிவிட்டது. கிளம்பும்போது பெனிட்டா ஒரு புத்திமதி சொன்னாள். அவள் மேல் தப்பில்லை. எந்தப் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் அதைத்தான் போட்டிருக்கிறார்கள்.

"சார், நல்லா கேட்டுக்கங்க. ரொம்ப முக்கியமானது எதையும் ஒரே இடத்துல வெக்காதீங்க. மூணு இடத்துல காப்பி எடுத்து வெக்கணும். மூணும் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கணும். ஒன்னுல ஒரு மாற்றம் நடந்தா, அதே நிமிஷம் மத்த ரெண்டுலயும் நடக்கணும். அப்புறம் எது படுத்துக்கிட்டாலும் கவலையில்ல, இன்னொன்னு ஓடிக்கிட்டே இருக்கும்."

தில்லைநாயகம் அதை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்லிக் காட்டினார். பெனிட்டா நிம்மதியாக பஸ் ஏறினாள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நால்வரும் கூடினார்கள்.

"நம்மகிட்ட ரொம்ப முக்கியமானது எது?" என்று கேட்டார் தில்லைநாயகம்.

"பெரிய செப்பு அண்டா" என்றான் கோதண்டம்.

"அதைவிட."

நெடுநேரம் யோசித்து மரகதம்தான் சொன்னாள். "வான்மதி கல்யாணம்."

"அதை எத்தனை இடத்துல வெச்சிருக்கோம்?"

"ஒரே இடத்துல" என்றாள் மரகதம்.

மறுநாள் காலையில் தில்லைநாயகம் என் அச்சகத்துக்கு வந்தார். செட்டியார் மண்டபம், ரயிலடி மண்டபம், கமலாம்பாள் மண்டபம் என்று ஒரே கல்யாணத்துக்கு மூன்று விதமாகப் பத்திரிகை அடிக்கச் சொன்னார். ஒரே நாள், ஒரே முகூர்த்தம்.

"இதுல எதுங்க நிஜம்?" என்று கேட்டேன்.

"எல்லாம் நிஜம்தான். வித்தியாசம் இருந்தா அது காப்பியே இல்லை" என்றார். அச்சடித்துக் கொடுத்தேன். எனக்கென்ன, மூன்று பந்தி.

மண்டபம், மேளம், சமையல்காரர் எல்லாம் மூன்று கிடைத்தன. மாப்பிள்ளையும் பெண்ணும்தான் ஒவ்வொன்று. கோதண்டத்துக்கும் சிங்காரவேலுவுக்கும் கல்யாணமாகவில்லை. அதனால் மாப்பிள்ளைக்குக் காப்பி ஆயிற்று. பெண்ணுக்குக் காப்பியாக இருக்க ஊரில் எந்தப் பெண்ணைக் கேட்பது? கோதண்டமே குடோனிலிருந்து நல்ல நாதமுள்ள செப்புக்குடங்களாகப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தான். மரகதம் கூறைப்புடவை மூன்று எடுத்தாள். "மூணும் ஒரே கலர்ல இருக்கணும்" என்று ஜவுளிக்கடையில் அவள் பிடிவாதம் பிடித்ததை இப்போதும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

வான்மதிக்கு இது ஒன்றும் தெரியாது. கல்லூரியில் பரீட்சை நேரம். கல்யாணத்துக்கு முந்தின ராத்திரிதான் வந்து சேர்ந்தாள். விடிகாலையில் அலங்காரம் பண்ணி அவளைக் கமலாம்பாள் மண்டபத்துக்குக் கூட்டிப்போனார்கள். மாப்பிள்ளை வீட்டார் லாட்ஜிலிருந்து கையில் கிடைத்த பத்திரிகையைப் பார்த்து ஆளுக்கொரு பக்கம் கிளம்பியிருந்தார்கள்.

அவள் மணையில் வந்து உட்கார்ந்து ஓரக்கண்ணால் பார்த்தாள். பக்கத்தில் பட்டு வேட்டியும் மாலையுமாகக் கோதண்டம்.

"கோதண்டம் மாமா! நீங்க ஏன் இங்க உக்காந்திருக்கீங்க?"

"நான் இல்லம்மா. இது மாப்பிள்ளையோட காப்பி" என்றான் கோதண்டம் பணிவாக.

"மாப்பிள்ளை எங்க?"

"செட்டியார் மண்டபத்துல ஓடிக்கிட்டிருக்காரு."

தில்லைநாயகம் காதில் போனோடு வந்தார். மற்ற இரண்டு மண்டபமும் அந்தப் போனில் இருந்தன. "தாலி எடுத்துக் குடுங்க ஐயரே, அங்கேயும் எடுத்தாச்சாம். மூணும் ஒரே நிமிஷம் நடக்கணும்" என்றார்.

வான்மதி எழுந்து நின்றாள். "அப்பா, இது என் கல்யாணம்ப்பா!" என்று கத்தினாள். கோபமா, அழுகையா என்று சொல்ல முடியவில்லை. நான் இட்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

"உன் கல்யாணம்தாம்மா. அதனாலதான் மூணா வெச்சிருக்கேன்" என்றார் தில்லைநாயகம். அவர் கண்ணிலும் தண்ணீர்.

முன் வரிசையில் பெனிட்டா உட்கார்ந்திருந்தாள். விருந்தாளியாக வந்தவள். "சார், நான் டேட்டாவைச் சொன்னேன் சார்" என்றாள். அவள் குரல் மேளத்தில் கேட்கவில்லை. யாரிடமோ ஸ்கூட்டி சாவியைப் பிடுங்கிக்கொண்டு, வான்மதியின் கையைப் பிடித்து வெளியே ஓடினாள். கூறைப்புடவை பறக்க இரண்டு பெண்களும் கடைத்தெரு வழியாகப் போனதை ஊரே பார்த்தது. நான் என் மொபெட்டில் பின்னாலேயே போனேன். செட்டியார் மண்டபத்தில் கேசரி என்று கேள்விப்பட்டிருந்தேன்.

அங்கே மணமேடையில் அருள்மொழி கையில் தாலியோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, ஒரு செப்புக்குடம். சாஸ்திரிகள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது என்னன்னு ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?" என்றாள் வான்மதி மூச்சு வாங்க.

"உங்க வீட்டு வழக்கமோன்னு நினைச்சேன். முதல் நாளே குறை சொன்னா நல்லா இருக்காதே" என்றான் அருள்மொழி.

வான்மதிக்கு இவனை ஏன் பிடித்தது என்று அப்போது எனக்குப் புரிந்தது. அவள் குடத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தாள். கெட்டி மேளம் முழங்கியது. தாலி கட்டிவிட்டான். போனில் அந்தச் சத்தம் கேட்டதும் கமலாம்பாள் மண்டபத்தில் அவசரமாகக் கொண்டுவந்து வைத்த ஒரு குடத்துக்குக் கோதண்டமும், ரயிலடி மண்டபத்தில் ஒரு குடத்துக்குச் சிங்காரவேலுவும், அதே நிமிஷம், பிசகாமல் கட்டினார்கள்.

சம்பந்தி வைத்தியலிங்கம் எங்கே என்று கேட்பீர்கள். கண்ணில் அப்போதுதான் ஆபரேஷன் ஆகி, கறுப்புக் கண்ணாடியோடு கார் ஏறியவர், ரயிலடி மண்டபத்தில் இறங்கிவிட்டார். சிங்காரவேலுவுக்கும் குடத்துக்கும் அட்சதை போட்டு ஆசீர்வாதம் பண்ணி, வயிறாரச் சாப்பிட்டார். "பொண்ணு ரொம்ப அடக்கம். கடைசிவரைக்கும் நிமிர்ந்து ஒரு பார்வை பார்க்கலையே" என்று வெற்றிலை போட்டபடி எல்லாரிடமும் சொன்னார். அவர் யோசிக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

அதோடு முடிந்தது என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். தில்லைநாயகம் மட்டும் நினைக்கவில்லை. ஒன்றில் நடப்பது மற்ற இரண்டிலும் நடக்க வேண்டும் என்பது அவருக்கு இன்னமும் மனப்பாடம்.

தலைதீபாவளி வந்தது. வான்மதியும் அருள்மொழியும் வந்தார்கள். கோதண்டம் தன் குடத்தோடு வந்தான். சிங்காரவேலு தன் குடத்தோடு வந்தான். மூன்று மாப்பிள்ளைக்கும் பட்டு வேட்டி. மரகதம் மூன்று பெண்களையும் வரிசையாக மணையில் உட்கார வைத்து, தலையில் எண்ணெய் வைத்தாள். மூன்றாவதாக இருந்த சிங்காரவேலுவின் குடத்துக்கு வரும்போது அவள் கை நின்றது. இடுப்புப் பக்கம் ஒரு நசுங்கல்.

"மாப்பிள்ளை, இது என்ன?" என்றார் தில்லைநாயகம்.

"லாரியிலேர்ந்து இறங்கறப்போ..." என்று சிங்காரவேலு தலையைக் குனிந்தான்.

மரகதம் குடத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "இத்தனை மாசமா எம் பொண்ணு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னாளா பாருங்க!"

"கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டும். நீங்க போயிட்டு வாங்க மாப்பிள்ளை" என்று தில்லைநாயகம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சிங்காரவேலு தனியாகத்தான் திரும்பிப் போனான். இப்போதெல்லாம் தினமும் லாரியை நிறுத்தியதும் ஒரு முழம் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகிறான். கூடத்தில் குடத்துக்கு எதிரே உட்கார்ந்து நயமாகப் பேசிப் பார்க்கிறான். குடம் இன்னும் மனம் இறங்கவில்லை.